எண்ணெய்ப் படலமும் நாம் செய்த பிழையும்

சென்ற ஆண்டு ஆவணித் திங்கள் இதழில், இதே பக்கத்தில், நம் இருப்புப்பாதைக் குடியிருப்பின் தண்ணீரைப் பற்றி நாம் எழுதியது அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். கைக்குழாயடியில் தேங்கி நிற்கும் நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது என்றும், மதிலுக்கு அப்பால் பெட்ரோல் பங்க் இருப்பதால் அது எண்ணெயாகவே இருக்கவேண்டும் என்றும், ஆகவே தாய்மார்கள் கைக்குழாயைக் கைவிட்டு மதிலோரத்துப் பழைய கிணற்றில் நீர் எடுப்பதே நலம் என்றும் எழுதியிருந்தோம். கிணற்று நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது என்று ஒரு வரி வேறு சேர்த்திருந்தோம்.

அது முழுவதும் பிழை. கைக்குழாய் நீரில் எண்ணெய் இல்லை. எண்ணெய் கலந்திருந்தது கிணற்றில். நகராட்சிக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் நீர் வருமாதலால், நம் எழுத்தை நம்பி ஒன்பது குடும்பத்தார் ஏறத்தாழ ஒன்பது மாதம் அந்தக் கிணற்று நீரைச் சமையலுக்கும் குடிப்பதற்கும் பயன்படுத்தினர். அவற்றுள் நம் குடும்பமும் ஒன்று என்பதனால் நம் பொறுப்பு குறைந்துவிடாது. பிழையை எந்தப் பக்கத்தில் எழுதினோமோ அந்தப் பக்கத்திலேயே திருத்தி எழுதவேண்டும் என்று சங்கக் காரியதரிசி அவர்களிடம் கேட்டோம். அவர் உடனே இசைந்தார்.

குற்றத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஓர் ஆச்சி. நம் அடுத்த வீட்டு அன்பரின் தாயார். சித்திரை கழிந்ததும் திருநெல்வேலியிலிருந்து பேரக் குழந்தைகளைப் பார்க்க வந்திருந்தார். வந்த அன்றே செம்பில் கொடுத்த நீரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“ஏ ஐயா, இந்தத் தண்ணியில சீமெண்ணெய் வாடையில்ல அடிக்குது! இதையா பச்சப் புள்ளைக்குக் குடுக்கீய?” என்றார்.

வீட்டார் நகைத்தனர். நாமும் ஒரு குவளை வாங்கி முகர்ந்து பார்த்து, “ஒன்றுமில்லையே ஆச்சி, பிரயாணக் களைப்பாக இருக்கும்” என்றோம். அவரோ விடவில்லை. ரசத்திலும் வாடை, சோற்றிலும் வாடை என்றார். மூன்றாம் நாள் கேட்டபோது, “இப்போ அவ்வளவாத் தெரியல” என்று சொன்னார். அதுவே நமக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையில் அதுதான் அச்சம் கொள்ளவேண்டிய இடம். ஒரே வாடையைத் தொடர்ந்து முகரும் மூக்கு அதை உணர்வதை விட்டுவிடும். ஊதுபத்திக் கடைக்காரருக்கு ஊதுபத்தி மணப்பதில்லை. நம் மூக்குகள் ஒன்பது மாதத்தில் மரத்துப்போயிருந்தன. ஆச்சியின் மூக்கு மூன்று நாளில் மரத்தது.

மூக்கு மட்டமான கருவியன்று. அஸ்ஸாமில் டிக்பாய் என்னும் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதை வேலைக்காக மரம் இழுத்த யானைகளின் கால்களில் கரிய எண்ணெய் ஒட்டியிருந்ததைக் கண்டே அங்கே எண்ணெய் தோண்டினர் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1901இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது வரலாறு. ஆனால் மூக்கிற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன மரத்துப்போதல். மற்றொன்று, தீங்கு தரும் அளவை மூக்கு அறியாமை. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்னும் பொருள் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையைத் தாக்கக்கூடியது. புற்றுநோய் தருவது என்று ஐயத்திற்கிடமின்றி வகைப்படுத்தப்பட்டது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மூக்கு அதை நீரில் உணர்வதற்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். ஆகவே வாடை இருந்தால் ஆபத்து உண்டு என்று கொள்ளலாம்; வாடை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று கொள்ளலாகாது. ஐயத்திற்குரிய மண்ணை அள்ளி மூக்கருகே வைத்து முகர்வதும் கூடாது. நாம் அதையும் செய்தோம்.

நம் சங்க உறுப்பினரான ஓய்வுபெற்ற கார்டு ஒருவரின் மகள், நாகபுரியில் மண்ணையும் நீரையும் பரிசோதிக்கும் தொழிலில் இருக்கிறார். ஆச்சி சொன்னதை அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, நாம் எதிர்பார்த்தபடி அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறன்றே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் சென்றது கைக்குழாயடிக்கு. நாம் சென்ற ஆண்டு எழுதிய அதே படலம் அங்கே மின்னிக்கொண்டிருந்தது. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து அதைத் தொட்டார். படலம் உடைந்த கண்ணாடியைப்போல் கோணல் துண்டுகளாகப் பிரிந்து அப்படியே நின்றது.

“அண்ணா, இது எண்ணெய் இல்லை. எண்ணெயாக இருந்தால் குச்சி போன வழியில் விலகி, குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடிக்கொள்ளும். இது இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இப்படிப் படலம் போடும்” என்றார்.

நம் கையில் குச்சியைக் கொடுத்து நம்மையே செய்து பார்க்கச் சொன்னார். செய்தோம். துண்டுகள் துண்டுகளாகவே நின்றன. ஒரு குச்சி செய்யும் வேலையைச் செய்யாமல் ஒரு பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறோம் என்ற எண்ணம் அப்போது வந்தது.

பிறகு கிணற்றடிக்குச் சென்றார். கிணறு மதிலிலிருந்து ஏறத்தாழ 60 அடி. நிலம் பங்கிலிருந்து கிணற்றை நோக்கிச் சற்றே சரிவு. கோடையில் நீர் மிகவும் கீழே போயிருந்தது. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. தரைக்குள் கசிந்தால் நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். மழைக்காலத்தில் நீர் உயரும்போது எண்ணெயும் உயரும். கோடையில் நீர் இறங்கும்போது அதுவும் இறங்கி, வழி நெடுக மண்ணில் தன்னைப் பூசிவிட்டுச் செல்லும். ஆதலால் வாடை ஒரு பருவத்தில் மிகுந்தும் மறுபருவத்தில் குறைந்தும் தோன்றும். அன்றியும், எண்ணெய் முழுவதும் படலமாக மிதந்துகொண்டிருப்பதில்லை. பென்சீன் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.8 கிராம் வரை கரையவல்லது. கரைந்த பென்சீனுக்கு நிறமில்லை, படலமுமில்லை. நாம் பளிங்கு என்று புகழ்ந்தது அந்தத் தெளிவைத்தான்.

மண்ணைச் சோதிப்பதில் நமது விதர்ப்ப நாட்டுக் கரிசலுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. செம்மண்ணில் எண்ணெய் பட்டால் கறை தெரியும். கரிசலோ பிறவியிலேயே கருப்பு. கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல இயலாது. கரிசலுக்குக் கீழே இங்கே முரும் என்று வழங்கும் உளுத்த பாறை. அதற்கும் கீழே கருங்கல். கருங்கல்லில் நீர் ஓடுவது வெடிப்புகளின் வழியே. எண்ணெயும் அவ்வழியே செல்லும். எந்த வெடிப்பு எங்கே திரும்புகிறது என்பதை மேலிருந்து யாரும் அறியமாட்டார். அதனால்தான் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாகாது என்று அந்தப் பெண் பன்முறை கூறினார்.

திருகித் துளையிடும் கைக்கருவி ஒன்று கொண்டுவந்திருந்தார். வைகாசிக் கரிசல் கல்லாக இறுகிக் கிடந்தது. நம் குடியிருப்பின் டிராக்மேன் அன்பர் இருவர் கடப்பாரை கொண்டு உதவினர். நீர் ஊற்றி இளக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, ஊற்றினால் சோதனையே கெடும் என்று தடுத்துவிட்டார். முதல் துளையை மதிலருகே போடவில்லை; குடியிருப்பின் மறுகோடியில், பிள்ளையார் மண்டபத்திற்குப் பின்னால் போட்டார். குற்றமற்ற மண் என்ன எண் காட்டுகிறது என்று தெரிந்தாலன்றோ குற்றமுள்ள மண் காட்டும் எண்ணுக்குப் பொருள் உண்டு? எடைமேடையில் வண்டியின் வெற்றெடையை முதலில் குறித்துக்கொள்வதை ஒத்தது இது.

துளையிலிருந்து வந்த மண்ணை, வாய் இறுக மூடும் நெகிழிப் பையில் பாதியளவு போட்டு, உடனே மூடி, நிழலில் வைத்தார். எல்லாப் பைகளுக்கும் ஒரே அளவு மண், ஒரே அளவு நேரம், ஒரே நிழல். ரசப் பாத்திரத்தை மூடிவைத்தால் மூடிக்குக் கீழே மணம் கூடி நிற்பதுபோல, மண்ணில் ஒட்டியிருக்கும் எண்ணெயின் ஆவி பையின் மேற்பாதியில் கூடி நிற்கும். பத்து நிமிடம் கழித்துப் பையைக் குலுக்கி, மூலையில் சிறு துளையிட்டு, கருவியின் மூக்கை நுழைத்தார். வெறும் பை ஒன்றையும் அவ்வாறே சோதித்தார். நெகிழியே ஏதாவது ஆவி விட்டு ஏமாற்றுமோ என்று பார்ப்பதற்காம்.

அந்தக் கருவி கைக்கு அடக்கமானது. உள்ளே ஒரு சிறு புறஊதா விளக்கு. உறிஞ்சப்பட்ட காற்று அவ்விளக்கின் முன் செல்லும்போது, ஒளி பென்சீன் போன்ற மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றிவிடும். எலெக்ட்ரான் இழந்த துகள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டை நாடிச் செல்ல, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதை அளந்து, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணாகக் காட்டும். ஒவ்வொரு பொருளிலிருந்தும் எலெக்ட்ரானைப் பறிக்க ஒவ்வொரு அளவு வலிமை வேண்டும். வழக்கமாகப் பொருத்தும் விளக்கின் வலிமை 10.6 எலெக்ட்ரான் வோல்ட். பென்சீனுக்கு வேண்டியது 9.24. ஆகவே பென்சீன் அகப்படும். சாக்கடையில் பிறக்கும் மீதேன் வாயுவுக்கு 12.6 வேண்டுமாதலால் அது அகப்படாது. இது ஒருவகையில் நன்மை. சாக்கடை வாயுவை எண்ணெய் என்று மயங்க வேண்டியதில்லை. ஆனால் எலெக்ட்ரான் பறிகொடுக்கக்கூடிய எந்த ஆவி வந்தாலும் கருவி எண்ணைக் காட்டிவிடும். அதை நமக்கு விளக்க, குழந்தைகள் தின்றுகொண்டிருந்த ஆரஞ்சின் தோலைக் கருவியருகே பிழிந்தார். எண் துள்ளி ஏறிற்று. “இப்போது ஆரஞ்சுத் தோட்டத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள் அண்ணா” என்றார். நமக்கு அது வேண்டியதுதான்.

மழைக்காலத்து ஈரக் காற்றில் இக்கருவியின் எண் மங்கித் தாழும் என்பதையும், பெட்ரோலைக் காட்டுவதுபோல் டீசலை நன்கு காட்டாது என்பதையும் அவர் குறிப்பிட்டார். டீசல் எளிதில் ஆவியாகாதன்றோ?

கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையே ஐந்து துளைகள் போட்டார். மேல்மண் எல்லாவற்றிலும் எண் பிள்ளையார் மண்டபத்து மண்ணைப்போலவே இருந்தது. கிணற்றடித் துளசிமாடத்து மண்ணிலும் ஒன்றுமில்லை. கூடி நின்ற தாய்மார்கள் மூச்சுவிட்டனர். நாமும் விட்டோம். அவர் மட்டும் துளைத்துக்கொண்டே இருந்தார். வெயிலில் மேல்மண்ணின் ஆவி என்றோ பறந்துபோயிருக்கும் என்பது அவர் கணக்கு. மூன்று அடியில் எண் சற்றே அசைந்தது. ஆறு அடிக்கருகில் முரும் தட்டியதும், மதிலுக்கு நேராக இருந்த இரண்டு துளைகளில் எண் நூறுகளுக்குத் தாவிற்று. மற்ற மூன்றிலும் அசைவில்லை. மதிலிலிருந்து கிணற்றை நோக்கி ஒரு வரிபோல் அது சென்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினர். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்மணி நம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு மற்றொரு சோதனை நடந்தது. டீசலில் உள்ள சில பொருள்கள் புறஊதா ஒளி பட்டால் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். புறஊதா டார்ச் விளக்கொன்றை மண்மீது அடித்துப் பார்த்தோம். துளை மண் இலேசாக ஒளிர்ந்தாற்போலும், இல்லாதாற்போலும் தோன்றிற்று. திடீரென்று துணி துவைக்கும் கல்லைச் சுற்றியிருந்த தரை முழுவதும் பளீரென்று நீலமாக எரிந்தது. எல்லாரும் அலறிவிட்டோம். அது சலவைத் தூளில் வெண்மை காட்டச் சேர்க்கும் சாயமாம்! ஆச்சியின் வெள்ளைச் சேலையும் அவ்வாறே ஒளிர, பேரக் குழந்தைகள் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடினர். சுண்ணாம்புக் கற்களில் சிலவும் இவ்வாறு ஒளிரும். பெட்ரோலோ இவ்வகை டார்ச்சுக்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அதற்கு இன்னும் குறுகிய அலைநீள ஒளி வேண்டும். ஆகவே இந்தச் சோதனையால் அன்று பயன் குறைவே. எனினும் அந்தச் சிரிப்பு அன்று வேண்டியிருந்தது.

இவையன்றி வேறு முறைகளும் உலகில் உண்டு. மண்ணையும் நீரையும் கண்ணாடிக் குப்பியில் இட்டு, எண்ணெயில் மட்டும் கரையும் சிவப்புச் சாயத்தூள் சிறிது தூவிக் குலுக்கினால், எண்ணெய்த் துளிகள் சிவந்து குப்பிச் சுவரில் ஒட்டும். மிளகாய்த் தூள் கலப்படத்தில் அகப்பட்ட சூடான் சாயங்களின் இனமே இதுவும். வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கதன்று. கண்ணாடிக் குழலின் இருமுனையையும் ஒடித்து, கைப்பம்பினால் ஆவியை இழுத்து, உள்ளிருக்கும் பொடி எவ்வளவு நீளம் நிறம் மாறுகிறது என்று பார்ப்பதும் உண்டு. எஞ்சின் ஓட்டுநர்கள் பணியேற்கும்போது கருவியில் ஊதிக் காட்டுகிறார்களே, அதற்கு முன்னோடியான குழல்களும் இந்த இனமே. மண்ணிலிருந்து எண்ணெயைக் கரைப்பானில் இறக்கி, அது கலங்கும் அளவைக் கொண்டு மதிப்பிடும் பெட்டிகளும், கருவுற்றதைச் சோதிக்கும் பட்டையைப்போல் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும் பெட்டிகளும் விற்கின்றன. மேனாடுகளில் எஃகுத் தண்டின் முனையில் நீலமணிக்கல் சாளரம் வைத்து, அதன் வழியே லேசர் ஒளியை மண்ணுக்குள் செலுத்தி, திரும்பிவரும் ஒளிர்வைக் கொண்டு அடி அடியாக எண்ணெயின் இருப்பை வரைகின்றனர். மென்மண்ணில் அது அற்புதமான கருவி. நம் கருங்கல்லில் தண்டு இறங்காது.

எந்தக் கருவியும் களத்தில் சொல்வது ‘இங்கே தேடுக’ என்பதை மட்டுமே. எந்தப் பொருள், எத்தனை அளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் வாயுப் பிரிகைக் கருவிதான் அறுதியிட்டுச் சொல்லும். கிணற்று நீரையும் கைக்குழாய் நீரையும் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடிப் புட்டிகளில் விளிம்பு வரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் தப்பிவிடும். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. கிணற்று நீரில் பென்சீனும் தொலுவீனும் இருந்தன. பென்சீன் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. கைக்குழாய் நீரில் இரண்டும் இல்லை. இரும்பு மட்டும் அதிகம்.

முடிவு வரும்வரை காத்திராமல் ஞாயிறு இரவே கிணற்றைக் கைவிட்டோம். கொதிக்கவைத்துக் குடிக்கலாமே என்று பலர் கேட்டனர். கொதிக்கவைப்பது கிருமிக்கு மருந்து, இதற்கு மருந்தன்று. கொதிக்கும்போது அந்த ஆவி நீரைவிட்டு அடுக்களைக் காற்றில் ஏறும். அடுப்பருகே நிற்பவர் அதைச் சுவாசிப்பார். கிணற்றுக்குள் விளக்கிறக்கிப் பார்ப்பதும், தீக்குச்சி கிழிப்பதும், தூர் வார ஆளை இறக்குவதும் அறவே கூடாது. 1992 ஏப்ரல் 22ஆம் நாள் மெக்சிகோ நாட்டின் குவாதலஹாரா நகரில் குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடையில் கூடி வெடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே தெருவில் வாடை அடிக்கிறது என்று மக்கள் முறையிட்டிருந்தனர். நம் சென்னையிலேயே, தண்டையார்ப்பேட்டையில், 2013ஆம் ஆண்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் நீரோடு எண்ணெய் வந்ததைச் சென்னை அன்பர்கள் அறிவர்.

பங்க் உரிமையாளரிடம் சென்றபோது, அவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, ஒரு துளியும் குறையவில்லை என்றார். நாம் கூட்ஸ் ஆபீசில் பதினோராண்டுகளாகக் குறைவு, உபரி எழுதிப் பழகியவர்கள். பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்திற்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 10,000 லிட்டர் கொண்ட தொட்டியில் பத்து டிகிரி மாறினால் நூறு லிட்டர் வந்ததுபோலவோ போனதுபோலவோ தோன்றும். நாள்தோறும் சிறிதளவு கசிவது இந்த ஏற்றத்தாழ்வுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் கணக்கில் தெரியாது. ஆறு மாதக் கணக்கைக் கூட்டினால் தெரியும், ஏனெனில் வெப்பத்தால் வரும் பிழை கூடியும் குறைந்தும் வரும், கசிவோ எப்போதும் குறைவாகவே வரும். இதைச் சொன்னதும் அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

சங்கத்தின் பெயரால் மாவட்ட ஆட்சியருக்கும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும், பெட்ரோலியக் கிடங்குகளுக்கு உரிமம் தரும் அமைப்பிற்கும் விண்ணப்பம் எழுதினோம். கடைசியிற் சொன்ன அமைப்பின் தலைமையிடம் நாகபுரியிலேயே இருக்கிறது என்பதும் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தோடு துளைகளின் வரைபடத்தையும், ஒவ்வொரு துளையின் எண்ணையும், ஆய்வுக்கூட முடிவையும் இணைத்தோம். வாடை அடிக்கிறது என்று மட்டும் எழுதிய விண்ணப்பத்திற்கும் வரைபடம் இணைத்த விண்ணப்பத்திற்கும் அலுவலகங்களில் கிடைக்கும் மரியாதை வேறு. நாமும் அலுவலகத்தில் இருப்பவர்களாதலால் இதை அறிவோம். ஆனி முடிவதற்குள் அதிகாரிகள் வந்தனர். அழுத்தச் சோதனையில், தொட்டி நன்றாக இருந்தது. தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் தரையடிக் குழாயின் ஓர் இணைப்பு கசிந்தது. ஆறு மாதக் கணக்கில் குறைவு முழுவதும் ‘ஆவியாதல்’ என்ற தலைப்பில் எழுதப்பட்டிருந்தது.

குழாய் மாற்றப்பட்டுவிட்டது. மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். அது தானே தேய்ந்து போகப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆவியை உறிஞ்சி எடுக்கும் வேலையைத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இதை எழுதும்வரை தொடங்கவில்லை. ஒன்பது குடும்பத்தாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டனர். இதுவரை எவருக்கும் குறை காணப்படவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்குழந்தையின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். குழந்தையின் தந்தையார், “அண்ணா, நீங்களும் அதே தண்ணீரைத்தானே குடித்தீர்கள்” என்றார். அவர் மனைவியார் காபி கொண்டுவந்து வைத்தார், பேசவில்லை. அவர் பேசாதிருந்ததே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆச்சி ஆடி பிறப்பதற்கு முன் ஊர் திரும்பிவிட்டார். நிலையத்தில் வண்டி ஏற்றச் சென்றோம். குடிநீர்ப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறோம். சாவி சங்கக் காரியதரிசியிடம் இருக்கிறது. தோட்டத்திற்கும் அந்நீரைப் பயன்படுத்த வேண்டாம். கைக்குழாய் நீரில் இரும்பு அதிகமாதலால், ஒரு நாள் குடத்தில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிப் பாத்திரம் கழுவவும் துவைக்கவும் கொள்ளலாம். குடிப்பதற்கு நகராட்சி நீரும், காலை ஏழு மணிக்கு வரும் லாரி நீருமே. ஐப்பசி முதல் ஞாயிறன்று, மழைக்குப் பின் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதே ஐந்து துளைகளுக்கருகே மீண்டும் மண்ணெடுக்கிறார்கள். கடப்பாரை பிடிக்கத் தெரிந்த அன்பர்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளையார் மண்டபத்தருகே வந்து சேரவேண்டுகிறோம்.